கடல் தாண்டி ஒரு மொட்டை

எங்கள் தெருவிலிருந்து கோடை விடுமுறைக்குக் கடல் தாண்டிப் போன முதல் குடும்பம் நாங்கள்தான். அறுபதுகள் முடியப்போகிற சமயம். காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி ஓடாத வீடே இல்லாத தெரு அது. மெட்ராஸுக்குப் போய் வந்தவர்களே அந்தக் கதையை ஒரு வாரம் சொல்லித் தீர்ப்பார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து அப்பா, அம்மா, பத்து வயது நான், இன்னும் மூன்று வயது நிறையாத இரட்டைக் குழந்தைகளான தம்பி, தங்கை என்று ஐந்து பேர் கொழும்புக்குக் கிளம்பினோம். எதற்கு என்று கேட்டவர்களுக்கு அப்பா பதில் சொல்லக் கூச்சப்பட்டார். இரண்டு தலைகளுக்கு மொட்டையடிக்கப் போனோம்.

அம்மாவின் ஒரே அண்ணன் கொழும்பில் இருந்தார். சின்ன வயதிலேயே அங்கே போய், ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டவர். எங்களில் குழந்தையின் முதல் மொட்டை தாய்மாமன் மடியில்தான் நடக்க வேண்டும். எனக்கு அடித்தபோது மாமா ஊருக்கு வந்திருந்தாராம். அதற்கப்புறம் குடியுரிமைக் காகிதத் தகராறு வந்துவிட்டது. ஒரு தடவை வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்ற பயத்தில் அவர் நகரவில்லை. அம்மா அண்ணனைப் பார்த்து ஒன்பது வருஷமாகியிருந்தது.

பங்காளி வீடுகளில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மாமன் முறையில் யாரையாவது உட்கார வைத்து முடித்துவிடலாமே என்றார்கள். அம்மா பிடி கொடுக்கவில்லை.

"எங்கண்ணன் நல்லா இருக்கும்போது இன்னொருத்தர் மடி எதுக்குபா? மூணு வயசு முடியறதுக்குள்ள அடிக்கணும். அண்ணனால வர முடியாது, நாம போவோம்."

எதற்கும் குரல் உயர்த்தாதவள் இதில் மட்டும் மலை மாதிரி நின்றாள். அப்பா பாஸ்போர்ட்டுக்கும் அம்மை ஊசிச் சீட்டுக்கும் நடையாய் நடந்தார். 'ஒரு வாரம், அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆனி மாத முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணப் புடவை பாதி நெய்தபடி தறியில் இருந்தது. கொடுத்த வாக்கைத் தவறாத நெசவாளி என்று பெயரெடுத்தவர் அவர்.

அந்தப் பயணத்தை அம்மாவுக்குக் கெடுத்தவள் நான். ஒரு உண்மையைச் சொல்லித்தான் கெடுத்தேன். அதனால்தானோ என்னவோ, மன்னிப்புக் கேட்கக் கூட எனக்கு வழி கிடைக்காமல் போயிற்று.

செங்கல்பட்டில் ரயிலேறி ராமேஸ்வரம் வரை வந்ததற்குள்ளேயே அப்பாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இரட்டைகளில் ஒன்று ஜன்னலுக்கு ஓடினால் இன்னொன்று கதவுக்கு ஓடும். கடைசியில் இருவரின் அரைஞாண் கயிற்றையும் ஒரு முழம் பட்டு நூல் முறுக்கால் சேர்த்துக் கட்டினார். நெசவாளி போட்ட முடிச்சு, பல்லால் கடித்தாலும் அவிழாது. துறைமுகத்தில் சோதனை அதிகாரி இந்தக் கோலத்தைக் கண்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் இடுப்பு வரை தலைமுடி, இரண்டு பேருக்கும் பின்னல். இதில் பையன் எது என்று கேட்டார். அப்பா தம்பியின் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

கப்பலில் தங்கை அப்பாவின் இடது கால் செருப்பைக் கழற்றிக் கடலில் போட்டாள். வலது செருப்பை வைத்து என்ன செய்வது என்று அப்பாவே அதையும் வீசினார். அப்படியாக எங்கள் தெருவிலிருந்து அயல்நாட்டுக்குப் போன முதல் மனிதர் அங்கே வெறுங்காலோடு இறங்கினார்.

அங்கிருந்து மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேர்ந்தோம். மாமா வீடு கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. இரண்டே அறை. மாமாவுக்கும் அத்தைக்கும் குழந்தை இல்லை. அது எனக்குத் தெரியும், ஆனால் பெரியவர்களுக்கு மூக்குக் கண்ணாடி இருப்பது, இல்லாதது மாதிரி ஒரு தகவலாகத்தான் தெரியும். நாங்கள் போய் இறங்கிய நாளிலிருந்து அத்தையின் இடுப்பில் ஒன்றும் மாமாவின் தோளில் ஒன்றுமாக இரட்டைகள் இருந்தார்கள். மாமா கடைக்குப் போகும்போது இருவரும் அழுதார்கள். சாயங்காலம் அவர் சந்து முனையில் திரும்பும்போதே தெரு கேட்கக் கத்தினார்கள். அம்மா அடுப்படியில் அத்தையோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டேயிருந்தாள். அவள் வாய்விட்டுச் சிரிப்பாள் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் மாமா, குழந்தைகளைக் காட்டி வைக்கச் சலூன்காரரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். பெரிய மீசை வைத்தவர். குழந்தைகளின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாப்பா, உனக்கும் சேர்த்து அடிச்சிடட்டா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அலறியடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தேன்.

ஆனால் மொட்டை மட்டும் நடந்தபாடில்லை. மறுநாள் கரிநாள் என்றார் மாமா. அதற்கடுத்து அஷ்டமி, நவமி. அப்புறம் தம்பிக்குச் சளி. சளி போன அன்று குழந்தைகளின் பிறந்த நட்சத்திரம், அன்றைக்குக் கத்தி படக்கூடாதாம். அதுவும் போன பிறகு மாமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மாப்ள, சலூன்காரருக்கு அம்ம போட்டுக்கினு இருக்குது. எழுந்துக்க பத்து நாளாவும் போல."

"வேற ஆளே இல்லையா மச்சான் இந்த ஊர்ல?"

"இருக்காங்க. ஆனா குழந்தைத் தல. கைராசி பாக்கணும் இல்ல?"

அம்மை என்றால் யார் எதிர்த்துப் பேச முடியும்? அப்பாவுக்கு அந்த ஊரில் செய்ய ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், தரையில் அவர் கால்கள் மட்டும் தறி மிதிப்பது போல மாறி மாறி அசைந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் மூன்றாவது வாரமாகியிருந்தது. தறியில் விட்டு வந்த புடவையைப் பற்றி அவர் பேசுவதைக் கூட நிறுத்திவிட்டார். அவர் பேச்சை நிறுத்தினால் அது நல்லதற்கில்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. மொட்டை முடிந்ததும் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போவதாக மாமா சொல்லியிருந்தார். அங்கே யானைகள் வரிசையாக நின்று ஆடுமாம். இந்த யானை ஆட்டத்தை என் வகுப்புப் பெண்களிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வீட்டில் எல்லோரும் இரட்டைகளையே கொஞ்ச, அவர்களுடைய தலைமுடிக்காக என் யானை காத்திருப்பது எனக்கு அநியாயமாகப் பட்டது.

ஒரு நாள் மத்தியானம் அத்தை என்னைப் பாண் வாங்கிவர அனுப்பினாள். ரொட்டியை அங்கே பாண் என்பார்கள். கடைக்கு இரண்டு வாசல் தள்ளி ஒரு சலூன். உள்ளே அதே மீசைக்காரர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். முகத்தில் ஒரு கொப்புளம் இல்லை.

"என்ன பாப்பா, தம்பி தங்கச்சிக்கு மொட்டை எப்ப? நான் கத்திய தீட்டி வெச்சு எத்தனை நாளாச்சு, உங்க மாமா ஆளையே காணோமே!"

நான் பாணை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். எனக்குப் பெரிய சந்தோஷம். பெரியவர் ஒருவர் அப்பாவிடமும் அம்மாவிடமும் பொய் சொல்லிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார், பிடித்தவள் நான். வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மாமா மடியில் தங்கை இருந்தாள். அவளுக்கு அவர் சோற்றை உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, சலூன்காரருக்கு அம்மையே இல்ல! கடையில நின்னுக்கினு இருக்காரு. எப்ப மொட்டைன்னு என்னையே கேக்கறாரு!"

அப்பா கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா மச்சான், அம்ம எறங்கிடுச்சு போலருக்குது?"

மாமா உருட்டிய கவளம் அவர் கையிலேயே இருந்தது. தங்கை வாயைத் திறந்து காத்திருந்தாள்.

"எம்பொண்ணுக்கு இருக்கற நேர்மை கூட இந்த வீட்ல இல்ல. நாளைக்குக் காலைல மொட்ட. அடுத்த வண்டிக்கு நாங்க கெளம்பறோம்."

எம்பொண்ணு என்று அப்பா என்னைச் சொன்னதில் எனக்குத் தலை கால் புரியவில்லை. அம்மா தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சொம்பில் தண்ணீர் நிறையத்தான் இருந்தது.

மறுநாள் காலை சலூன்காரர் வந்தார். மாமா புது வேட்டி கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். முதலில் தம்பி. கத்தி பட்டதும் வீறிட்டு அழுது மாமாவின் சட்டையைப் பிடித்துக் கிழித்துவிட்டான். தங்கை கூச்சம் தாங்காமல் சிரித்தாள். இரண்டு தலைக்கும் அத்தை சந்தனம் பூசினாள். பூசி முடித்த பிறகும் அவள் கை எடுக்காமல் தடவிக்கொண்டேயிருந்தது. அப்பா 'போதும்மா, காயட்டும்' என்றார். மிருகக்காட்சி சாலையைப் பற்றி நான் மெதுவாக ஞாபகப்படுத்தினேன். மாமா என் கன்னத்தைத் தட்டி, "அடுத்த தபா வரும்போது போலாம்டா கண்ணு" என்றார். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவேயில்லை. கோபித்திருக்கலாம்.

ரயில் நிலையத்தில் இரட்டைகள் மாமாவையும் அத்தையையும் விட்டு வர மறுத்தார்கள். அப்பா விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். ஊருக்கு வந்து சேர்ந்த அன்றே தறியில் உட்கார்ந்தார். புடவையை முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தார். அப்பா மீது குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. அவருக்கு அவருடைய வாக்கு.

அடுத்த தபா வரவில்லை. ஆறு வருஷம் கழித்து ஒரு தந்தி வந்தது. நெஞ்சுவலி, ஒரே நாளில் மாமா போய்விட்டார். பாஸ்போர்ட் எடுத்து, கப்பல் பிடித்துப் போய்ச் சேர முடியாத சாவு. அம்மா இங்கேயே தலைமுழுகினாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் அம்மா கூடத்தில் ராட்டையில் பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குப் பதினாறு வயது. துக்கத்தில் மாமாவை நல்லவிதமாகச் சொல்லி ஆறுதல் தர வேண்டும் என்று நினைத்து, குழந்தைகளைப் பிரிய மனசில்லாமல்தான் பாவம் அன்றைக்கு அவர் அப்படியொரு பொய் சொன்னார் என்றேன்.

அம்மா ராட்டையை நிறுத்தினாள்.

"எங்கண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாதுமா. சலூன்காரருக்கு அம்மைன்னு சொல்லச் சொன்னதே நான்தான். கரிநாளு, அஷ்டமி எல்லாம் தீந்துபூடுச்சி, வேற என்னா சொல்றதுன்னு அது முழிச்சிக்கினு நின்னுது. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

இன்னும் பத்து நாள் இருக்கலாம் என்று அப்பாவிடம் நேராகவே கேட்டிருக்கலாமே என்று ஏதோ உளறினேன். அம்மா அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிந்தாள்.

"நீ என்னா பண்ணுவ. உண்மையத்தான சொன்ன" என்றாள்.

தறியில் பாதிப் புடவையை விட்டு வந்த அப்பாவிடம், என் அண்ணன் வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று கேட்க அம்மாவுக்கு வாய் வராது. அப்படிக் கேட்கிற வழக்கம் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் இருந்ததில்லை. அதனால் நல்ல உடம்போடு இருந்த மனிதருக்கு அம்மை போட வேண்டியிருந்தது. பத்து வயதில் எனக்கு இது தெரியாது. அது மாமாவின் பொய் என்றும், அம்மாவும் எங்களைப் போல ஏமாந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றும்தான் நினைத்தேன். யானைக்காகவும் அப்பாவுக்காகவும் மட்டுமில்லை, அந்தப் பொய்யிலிருந்து அம்மாவைக் காப்பாற்றவும்தான் அன்றைக்கு நான் அவ்வளவு வேகமாக ஓடி வந்தேன்.