அவள் பெயருக்குக் கீழே

சித்தி மகளின் லேப்டாப்பில் முதலில் என் கண்ணில் பட்டது துருதான். அடிப்பக்கத் திருகாணிகள் அத்தனையும் செம்பழுப்பாக இருந்தன. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய வீடு. ஜன்னலைத் திறந்தால் காற்றோடு உப்பும் வரும். அந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டுதான் அவள், உலகமே சேர்ந்து எழுதும் ஓர் இயங்குதளத்தின் உள்மையமான கர்னலுக்கே திருத்தம் எழுதியிருந்தாள்.

இணைய வலையில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் எது வழி என்று கர்னல் தேடும். கடைசியாகக் கிடைத்த வழியை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் தேடுகிற நேரம் மிச்சம் என்பது அவள் யோசனை. அழகான யோசனை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துகொண்டு நான் அனுப்பிய திருத்தம் ஒன்றுகூட உள்ளே போனதில்லை. கர்னல் திருத்தங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: இன்னொருவர் ஓட்டிப் பார்த்து, சரிபார்த்தவர் என்று தன் பெயரைத் தர வேண்டும். “அண்ணா, நீ பாரேன்” என்றாள். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன்.

கிடைத்தது. என் வீட்டில் இரண்டு இணைய இணைப்புகள். ஒன்றின் ஒயரைப் பிடுங்கினேன். பொட்டலங்கள் அடுத்த வழிக்கு மாறாமல், செத்த வழியிலேயே போய் விழுந்தன. பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் எனக்கு. கர்னலுக்கு எழுதுகிற எல்லோரும் படிக்கும் மின்மடல் குழுவில் அதைப்பற்றிப் பத்தி பத்தியாக எழுதினேன். அவள் உடனே போன் செய்தாள். “நல்லவேளை பாத்துட்டே, அண்ணா. எங்க வீட்ல லைன் போச்சுன்னா மொத்தமா போயிடும். இன்னொரு வழி இருந்தாத்தானே எனக்குத் தோணும்?” குரலில் வருத்தமே இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சில வரிகளில் சரிசெய்து அனுப்பினாள். மறுபடி மறுபடி ஒயரைப் பிடுங்கினேன். ஒவ்வொரு முறையும் வழி ஒழுங்காக மாறியது. பெயர் தராமல் இழுத்தடிக்கலாமா என்று யோசித்தேன். வேறு யாராவது தந்துவிட்டால் என் பெயர் வரும் அந்த ஒரு வரியும் எனக்கில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். திருத்தம் உள்ளே போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்குப் போனபோது மாதா கோயில் வாசலில் சித்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். “எம் பொண்ணு எழுதுனது ஊரு உலகம் பூரா ஓடுதாம். இவன் பேரும் கீழ இருக்குது.” கீழேதான். நான் தேடிக் கண்டுபிடித்த குறைதான் அவள் வேலையைக் குறையில்லாமல் ஆக்கியது என்று நினைக்கும்போது இன்றைக்கும் எரிகிறது.

மத்தியானம் அவள் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். “ரொம்பச் சுடுதுண்ணா, தொறந்து தூசி தட்டிக் குடேன்.” துருவேறிய ஒரு திருகாணி அசையவே இல்லை. பக்கத்தில் என் லேப்டாப் இருந்தது. அதன் திருகாணிகள் வாங்கிய அன்று போலவே பளபளத்தன.