ஆட்டு முடிதானா என்று பார்த்தேன்

போன சனிக்கிழமை மத்தியானம், தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தம்புது பிரஷ் ஒன்றுக்குத் தீக்குச்சி வைத்தேன்.

கை தவறி அல்ல. வேண்டுமென்றே. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காற்றுக்கு மறைவாகக் கையைக் குவித்து... ஒரு விஞ்ஞானியின் நிதானத்தோடு.

வாரா வாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என் புத்தியின் அளவு ஏற்கெனவே தெரியும். புதிதாக வந்தவர்கள் இப்போது தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

அது சுவருக்கு அடிக்கிற பிரஷ் அல்ல. மேக்கப் பிரஷ். முகத்தில் பவுடரும் ரூஜும் தடவுகிற சமாசாரம். என் மனைவி லலிதாவுக்காக வாங்கியது.

லலிதா ஆறு மாதம் பியூட்டிஷியன் கோர்ஸ் படித்தாள். கரமனையில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே பார்லர் திறந்தாள். மூன்று மாதமாக வந்ததெல்லாம் புருவம் திருத்துகிற கேஸ்கள்தான். தெருவில் எல்லாப் புருவமும் திருந்தி முடிந்து, இனி யார் வருவார் என்று அவள் வாசலைப் பார்க்க ஆரம்பித்த நேரத்தில் வந்தது, முதல் கல்யாணப் பெண் ஆர்டர். சாலை பஜாரில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிற பகவதியம்மாளின் மகள் சுதா.

அந்தப் பஜாரில் பாதிப் பேருக்குப் பகவதியம்மாளைத் தெரியும். சுதாவின் மேக்கப் நன்றாக அமைந்தால் அந்தப் பாதிப் பேரின் பெண்களும் லலிதாவிடம் வருவார்கள். சொதப்பினால்? மறுபடியும் புருவம்தான். அதுவும் முளைத்தால்.

இதில் ஒரு சிக்கல். நிச்சயதார்த்தத்துக்கு வேறு ஏதோ பார்லரில் மேக்கப் போட்டதில் சுதாவின் கன்னம் இரண்டும் தடித்துச் சிவந்துவிட்டதாம். யார் யார் முகத்திலோ பட்ட பழைய பிரஷ்தான் காரணம் என்பது பகவதியம்மாளின் தீர்ப்பு. அதனால் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். பிரஷ் புதிதாக இருக்க வேண்டும். தன் கண் முன்னால்தான் உறை பிரிக்க வேண்டும்.

லலிதாவிடம் இருந்ததோ, கோர்ஸில் இருபது முகம் பார்த்த பிரஷ்கள்.

என்னைக் கடைக்கு அனுப்பினாள். சந்தேகப் பிராணியை அனுப்பினால் ஏமாறாமல் திரும்பி வரும் என்று நினைத்திருப்பாள், பாவம். கிளம்பும்போது பாடமும் எடுத்தாள். முடியை இழுத்துப் பார்க்க வேண்டும், உதிரக் கூடாது. மணிக்கட்டின் உள்பக்கம் தடவிப் பார்க்க வேண்டும், குத்தக் கூடாது. முடியையும் கைப்பிடியையும் சேர்க்கிற தகரப் பூணை ஆட்டிப் பார்க்க வேண்டும், ஆடக் கூடாது.

"கன்னத்துல படறதுதான் முக்கியம், கேட்டேளா? மத்தது எப்படி இருந்தாலும் சமாளிச்சுக்குவேன்."

முதலில் சாலை பஜாரில் ஒரு ஃபேன்ஸி கடை. ஐந்து பிரஷ், ஒரு பிளாஸ்டிக் உறை, நாற்பது ரூபாய். இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்க முடியும் — எனக்கு உடனே சந்தேகம். பெரிய பிரஷ்ஷை இழுத்துப் பார்த்தேன். மூன்று முடி கையோடு வந்தது. புதுசில் அப்படித்தான் உதிரும், போகப்போக நின்றுவிடும் என்றார் கடைக்காரர். எல்லாம் உதிர்ந்த பிறகு நிற்கத்தானே வேண்டும்? ஆனால் கூட இருந்த சின்ன பிரஷ்கள் கொஞ்சம் கெட்டியாக இருந்தன. வாங்கிக்கொண்டேன்.

அடுத்து எம்.ஜி. ரோட்டில் ஏ.சி. போட்ட லேடீஸ் ஸ்டோர். அங்கே ஒரே ஒரு பிரஷ் நூற்றெண்பது ரூபாய். அந்தக் கடையில் ஒரே ஒரு ஆண், அடியேன். மணிக்கட்டில் தடவிப் பார்த்தேன். திருப்தி வரவில்லை. கன்னத்தில் தடவிப் பார்த்தேன். மீசை வைத்த ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் பவுடர் பிரஷ் ஓட்டிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கண்ணைத் திறந்தபோது, பக்கத்தில் நின்ற இரண்டு காலேஜ் பெண்களைக் காணோம். கவுண்ட்டர் பெண் மட்டும் நின்று, இது அசல் முடி, சத்தியம் என்றாள். நான் கேட்கவே இல்லை. கேட்காமல் சத்தியம் செய்கிறவர்களை எப்படி நம்புவது? இருந்தாலும் என் கன்னம் படாத புது ஒன்றாகப் பார்த்து வாங்கினேன். கன்னத்தில் தடவிவிட்டு வாங்காமல் வரக் கூச்சம்.

மூன்றாவது, பக்கத்துத் தெரு மேரி சேச்சி. கணவர் கல்ஃபில். சேச்சியின் படுக்கையறை ஸ்டீல் அலமாரி எங்கள் வட்டாரத்தின் டியூட்டி ஃப்ரீ ஷாப். சென்ட், சோப்பு, டார்ச் லைட் எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து ஒரு வெல்வெட் பை வந்தது. உள்ளே கறுப்புக் கைப்பிடி போட்ட பிரஷ். தொள்ளாயிரம். ஆட்டு முடி என்றார்.

மணிக்கட்டில் வைத்தேன். வைத்ததே தெரியவில்லை. அவ்வளவு மெத்து.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் முற்றியது. கரமனையில் எத்தனையோ ஆடு பார்த்திருக்கிறேன். எதையும் கன்னத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றியதில்லை. இன்னொருத்தர் இதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று சேச்சி சொன்னதும், பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். சந்தேகப்படுகிறவன் ஏமாற மாட்டான் என்று யார் சொன்னது? அவசரப்படுத்தினால் போதும்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பட்டு எடுக்கும்போது ஒரு இழையைப் பிரித்துக் கொளுத்திப் பார்ப்போம். பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். நைலான் என்றால் உருகி உருண்டையாகிவிடும். புடவைக்குச் சரி என்றால் பிரஷ்ஷுக்கும் சரிதானே?

நாற்பது ரூபாய் பிரஷ், கேட்பதற்கு முன்பே முடி கொடுத்தது. கொளுத்தினேன். உருண்டை. நைலான். அது என்ன முடி என்று அந்தக் கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை, அதனால் பொய்யும் சொல்லவில்லை.

நூற்றெண்பதில் ஓரமாக இரண்டு முடி கத்தரித்தேன். ஒன்று சாம்பல், ஒன்று உருண்டை. கவுண்ட்டர் பெண் செய்தது அரை சத்தியம்.

தொள்ளாயிரத்தை இழுத்தேன். முடி வரவில்லை. பலமாக இழுத்தேன். ஊஹூம். நல்ல பிரஷ் என்பதற்கு இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்? புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் யோசித்தேன் — முடி தீயிடம் வராவிட்டால், தீ முடியிடம் போகட்டுமே.

பொசுக்.

அந்த நாற்றம் இருக்கிறதே... அசல் ஆடு. பரம சந்தோஷம். பிரஷ்ஷைத் திருப்பிப் பார்க்கும்வரை இருந்தது அந்தச் சந்தோஷம். ஒரு பக்கம் முழுக்கக் கருகிச் சுருண்டிருந்தது.

சந்தேகப்படுவது நல்ல குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சந்தேகம் தீரும்போது பொருளும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும்.

லலிதாவிடம் சொன்னேனா? மீசைக் கத்தரிக்கோலால் கருகின முனைகளை வெட்டிச் சமன் செய்து, வெல்வெட் பையில் போட்டு, நாடாவையும் இழுத்துக் கட்டி வைத்துவிட்டேன். அவ்வளவு வீரன்.

மறுநாள் காலை பகவதியம்மாள் வீடு. மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். பகவதியம்மாள் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். லலிதா வெல்வெட் பையின் நாடாவைப் பிரித்தாள்.

பிரஷ் வருவதற்கு முன் வாசனை வந்தது.

மணப்பெண் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா திரும்பவில்லை. ஜவுளிக்காரர் மூக்கு. நேராக என்னைப் பார்த்தார்.

லலிதா பிரஷ்ஷைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன பண்ணினேள்?"

சொன்னேன். கிணற்றடி, தீக்குச்சி, மீசைக் கத்தரிக்கோல், எல்லாவற்றையும். லலிதாவின் ஆறு மாதக் கோர்ஸும் மூன்று மாதப் பார்லரும் அந்த அறையில் கவிழ்ந்துகொண்டிருந்தன. கவிழ்த்தவன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பகவதியம்மாள் பிரஷ்ஷைக் கையில் வாங்கினார். முடியை இழுத்தார். வரவில்லை.

"உருகிச்சா, சாம்பலாச்சா?"

"சாம்பல்."

"விரல்ல வச்சா பொடிஞ்சுதா?"

"பொடிஞ்சது."

"அப்போ முடிதான்," என்றார், மிகுந்த திருப்தியோடு. தன் சொந்தக் கடையிலிருந்து வந்த முகூர்த்தப் புடவையையே இழை பிரித்துக் கொளுத்திப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விட்டாராம். என்னைப் பார்த்த பார்வையில் இப்போது ஒரு மரியாதை தெரிந்தது. லலிதா பக்கம் திரும்பினார். "இதையே போடு மோளே."

லலிதா போடவில்லை. தன் மணிக்கட்டில் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"வேண்டாம்மா. வெட்டின முனை குத்தறது. இவ கன்னம் தாங்காது."

தொள்ளாயிரம் பெட்டிக்குள் போனது. கன்னத்துக்கு அந்த அரை சத்தியம், நூற்றெண்பது. உதட்டுக்கு நாற்பது ரூபாய் உறையிலிருந்த மிகச் சின்ன பிரஷ். விலை கூடின பிரஷ்ஷைப் போடு என்று சொல்லியும் போடாத பெண்ணைப் பகவதியம்மாள் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து, காப்பி கொண்டுவரப் போய்விட்டார். லலிதாவைக் காவலில்லாமல் விட்டார் என்று அர்த்தம்.

தாலி கட்டி, சுதா கொஞ்சம் அழுது, நிறைய வேர்த்து, சாப்பாட்டுப் பந்தியும் முடிந்தது. கன்னத்தில் ஒரு சிவப்பு இல்லை. பாயசம் வரும்போது ஒரு அம்மாள் லலிதாவிடம் ஆவணி மாதத்தில் எந்தெந்தத் தேதி ஒழிவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் உயிர் திரும்பி வந்தது.

ஆகவே, பிரஷ் வாங்கப் போகிற வாசகிகளே, கன்னத்தில் படுவதற்குக் கொஞ்சம் கூடச் செலவு செய்யுங்கள். உதட்டுக்கும் புருவத்துக்கும் மலிவானதே போதும். இழுத்துப் பாருங்கள், தடவிப் பாருங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்தான் நிறுத்தவில்லை. மண்டபத்தில் பகவதியம்மாள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நாங்கள் இருவரும் ஒரே இனம் என்கிற நினைப்பு. அவரோ மாலையில் பூவை உருவிப் பார்த்து, வாழையிலையைத் தடவிப் பார்த்து, வெற்றிலையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சோதிக்கிறவர் மாப்பிள்ளையை எப்படிச் சோதித்திருப்பார் என்று எனக்கு ஒரே ஆவல். கேட்டே விட்டேன்.

மேடையை ஒரு முறை பார்த்துவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"லவ் மேரேஜாக்கும், சாரே."