வெண்கலத்தம்மாவின் தொண்டை

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." கவிழ்த்த மரப்பெட்டியின் மேல் நின்று தக்காளிக் கூடைகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள் வெண்கலத்தம்மா. "எங்க அண்ணனுக்காக நான் கேக்கிறேன்" என்று ஒருவன் கை தூக்கினான். "வேணும்னா உங்க அண்ணன் வந்து கேக்கட்டும். நீ தள்ளி நில்லு!" காய்கறிச் சந்தையே சிரித்தது.

அந்தக் குரலுக்காகத்தான் அவளுக்கு அந்தப் பெயர். அடேயப்பா, என்ன குரல்! ரகசியம் என்று அவள் காதைக் கடித்தால், பக்கத்து வீட்டுக்காரர் "அப்படியா சேதி?" என்பார். மகனுக்கு அதில் ஏகப் பெருமை.

அந்தத் தொண்டை கம்மியது. பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. சின்ன வயது டாக்டர் மகனைப் பார்த்தே விளக்கினார். குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு, ஆனால் குரல் போய்விடும். கதிர்வீச்சு கொடுத்தால் குரல் தங்கலாம், நோய் திரும்பும் பயமும் அதிகம்.

"ஆபரேஷன் வேணாம் சார். குரல் போனா எங்கம்மா உசிரோட இருக்க மாட்டாங்க" என்று அவன் முந்திக்கொண்டான்.

மேசையில் ஓர் அடி விழுந்தது.

"தொண்டை என்னுது. டாக்டர் தம்பி, இங்க என்னைப் பாத்துப் பேசுங்க. வெட்டினா சோறு இறங்குமா? மூச்சு எது வழியா? கரண்டு வெச்சும் நோவு மறுபடி வந்துட்டா?"

டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கம்மிய குரலில் குறுக்கே குறுக்கே கேட்டாள். பிறகு தொண்டையை ஒரு தரம் தடவிக்கொண்டாள்.

"எடுத்துடுங்க."

"அம்மா, உன் குரலும்மா..." மகன் உடைந்துபோனான்.

"நீங்க எல்லாம் கேட்டு ரசிக்க நான் சாகணுமாடா? எனக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கணும். ஆசையா இருக்கு."

இத்தனை காலம் அவன் அந்தக் குரலைத்தான் அம்மா என்று நினைத்திருந்தான். குரலை விட்டுக்கொடுக்கத் துணிந்த இந்த மனுஷியை அன்றைக்குத்தான் பார்த்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள், கழுத்தில் குழாயோடு தலையணையில் சாய்ந்திருந்தாள். வார்டைச் சுற்றிவந்த டாக்டர் கட்டிலருகே நின்று, பழக்க தோஷத்தில் மகன் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்கு வலி எப்படி இருக்கு? தூங்கினாங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்த மகன், அம்மாவின் கண்ணைப் பார்த்து அப்படியே அடங்கிவிட்டான்.

அவள் ஊசி குத்தியிருந்த கையை நீட்டி, டாக்டரின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.