பிக்கப் வண்டிக்கு முப்பதா, ஐம்பதா?

எங்கள் பிக்கப் வண்டிக்கு முப்பது நம்பர் எண்ணெய் ஊற்றுவதா, ஐம்பது நம்பர் ஊற்றுவதா? நான்கு வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. அப்போது எட்டு மாதக் குழந்தையாக இருந்த பெரியவன் இப்போது சிலேட்டில் ஐம்பது வரை தானே எழுதிவிடுகிறான். எனக்குத்தான் முப்பதைத் தாண்டலாமா என்று இன்னும் தெரியவில்லை.

எண்ணெய் என்றதும் சமையலறைப் பக்கம் போய்விட வேண்டாம். இது இஞ்சினுக்குள் ஊற்றும் எண்ணெய். டின்னின் மேல் ஒரு நம்பர் போட்டிருக்கும். நம்பர் ஏற ஏற எண்ணெய் கெட்டி. முப்பது கொஞ்சம் இளக்கம். ஐம்பது கேப்பைக் கூழ். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவை வைத்துத்தான் நானும் குழந்தையும் அந்த ஏலக்காய்ப் பருவத்தில் மலைமேல் என் கணவரோடு இருப்போமா, போடியில் மாமனார் வீட்டிலேயே இருந்துவிடுவோமா என்பது முடிவாக வேண்டியிருந்தது.

போடிக்கு மேலே, மலை மேட்டுக்கு அப்பால் எங்களுக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம் உண்டு. ஆவணியில் காய் எடுக்க ஏறினால் தை வரை என் கணவர் அங்கேதான். வாரம் ஒருமுறை பிக்கப்பில் மூட்டைகளோடு இறங்குவார், காயை ஏலத்தில் விற்றதும் ஏறிவிடுவார். நடுவில் வீட்டில் இருக்கும் நேரத்தில் பாதியைக் குளிக்கவும் தூங்கவும் செலவழிப்பார். மீதியில் குழந்தை அவரைப் பார்த்து யாரோ வேற்று ஆள் என்று அழும். அந்த வருடம், நாங்களும் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே, சொல்லியிருக்க வேண்டாமோ என்றும் நினைத்தேன்.

மாமனார் சிலமலை வயலிலிருந்து வந்து, காலைக் கழுவிவிட்டு, தீர்ப்பைச் சொன்னார்.

"மேல டாக்டர் உண்டா? கெடையாது. புள்ளைக்கு ஒண்ணுன்னா கீழ எறங்கித்தான் ஆகணும். காலங்காத்தால ஹேண்டில மூணு சுத்து சுத்துறதுக்குள்ள வண்டி கெளம்புனா ஆத்தாளும் புள்ளையும் போகட்டும். கெளம்பலைன்னா தை முடியட்டும்."

மூணு சுத்து! அந்த வண்டி யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் தள்ளிவிட்டுப் போன சாமான்களில் ஒன்று. பாட்டரி ஹாரன் அடிக்க மட்டும் உதவும். மற்றபடி முன்னால் ஹேண்டிலைச் செருகித் தோள் கழலச் சுற்ற வேண்டும். மலையில் விடிகாலைக் குளிரில் எண்ணெய் உறைந்துபோய், ஹேண்டில் சுற்றுகிறவரைத்தான் வண்டி சுற்றிவிடும்.

வண்டியோடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்திருந்தது. வீட்டில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே அது என் தலையில் விழுந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய்ப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். கோடையில் இந்த நம்பர், குளிர்காலத்தில் அந்த நம்பர் என்று அழகாகக் கட்டம் போட்டிருந்தார்கள். எழுதியவருடைய ஊரில் கோடை போய்த்தான் குளிர்காலம் வரும் போலிருக்கிறது. எங்களுக்குக் கோடை அடிவாரத்திலும் குளிர்காலம் மேட்டிலுமாக ஒரே நாளில் இரண்டும் உண்டு. நடுவில் சில மணி நேரப் பயணம்தான்.

"முப்பதுதான்னு தோணுது. இளக்கமா இருந்தா குளிர்ல லேசாச் சுத்தும்," என்றேன்.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஏலக்காய்க்காரர். சல்லடையில் பெரிய கண்ணில் தங்குகிற காய்தான் முதல் ரகம். சின்னக் கண்ணில் விழுவது கழிவு. சிறு வயதிலிருந்து இதையே பார்த்து வளர்ந்தவருக்குப் பெரிய நம்பர் என்றால் பெரிய காய்.

"அம்பது இருக்கையில முப்பதை எவனாச்சும் வாங்குவானா? நம்ம வண்டி என்ன சின்னக் காயா?"

"இது ரகம் இல்லீங்க. கெட்டி, அவ்வளவுதான்."

"கெட்டியா இருக்கிறதுதான ரகம்?"

அவர் வண்டியைப் பழுது பார்க்கிற மெக்கானிக் அவருக்கு மாமன் மகன் முறை. அவரிடம் கேட்கலாம் என்று போனோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே பதில் சொன்னார். கால்களைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"முப்பதை ஊத்திக்கிட்டு லோடோட மத்தியான வெயில்ல மலை ஏறிப் பாருங்க மாப்ளே. எண்ணெய் தண்ணியாப் போயி, பிரஷர் முள்ளு படுத்துரும். பொறவு இஞ்சினும் படுத்துரும். வளைவுல நின்னுக்கிட்டு கொரங்குகளோட பேசிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"அப்ப அம்பது?" என்று என் கணவர் சந்தோஷமாகக் கேட்டார்.

"அம்பதுன்னா காலையில கெளம்பாது. மூணு சுத்தா? முப்பது சுத்து."

"அப்ப எதைத்தான் ஊத்துறது அண்ணே?" என்றேன் நான்.

கால்கள் கொஞ்சம் யோசித்தன. "படிச்ச புள்ள நீதாம்மா சொல்லணும்."

நடுவில் நாற்பது என்று ஒன்று இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். போடியில் அன்றைக்கு இல்லை. பிறகு மதுரையிலிருந்து வரவழைத்தும் பார்த்தோம். காலையில் ஐம்பதின் பிடிவாதமும் மத்தியானம் முப்பதின் சோர்வும் அதற்கு ஒருங்கே இருந்தன.

படித்த பிள்ளை என்று சொல்லிவிட்டார்களே, சும்மா இருக்க முடியுமா? குழந்தையின் மருந்து பாட்டில்கள் இரண்டைக் கழுவிக் காயவைத்து, ஒன்றில் முப்பதும் மற்றொன்றில் ஐம்பதும் ஊற்றினேன். கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டுக் கார்க்கு அடைத்தேன். பாட்டிலைக் கவிழ்த்தால் உள்ளே ஒரு காற்றுக் குமிழி மெல்ல மேலே ஏறும். அது உச்சிக்குப் போகும்வரை எண்ணினால் எண்ணெயின் கெட்டி தெரிந்துவிடும். போடியில் முப்பதுக்கு நாலு எண்ணம், ஐம்பதுக்கு எட்டு.

"மேல கொண்டுபோயி, ராத்திரி பூராவும் வச்சிருந்து, விடிஞ்சதும் கவுத்து எண்ணிப் பாருங்க. ஐம்பது ரொம்ப நேரம் எடுத்தா நமக்கு வேண்டாம்," என்று சொல்லி, பாட்டில்களைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

"எண்ணெய்க்கு நாடி பாக்குறா," என்று அத்தை வெளியே யாரிடமோ சொல்வது கேட்டது.

அடுத்த வாரம் இறங்கி வந்தவர் வாசலிலிருந்தே சொன்னார்: "முப்பது ரெண்டு. அம்பது நாலு!"

எனக்குச் சட்டென்று ஒரு நெருடல். குளிரில் எண்ணம் கூடத்தானே வேண்டும்? பாதியாகக் குறைந்திருக்கிறதே.

"எங்கே, எப்படி எண்ணுனீங்க? எண்ணிக் காட்டுங்க."

அவர் எண்ணிக் காட்டினார். "லா...பம். ரெண்...டு." காய் அளக்கும்போது படியை நிரப்பி, தலையைத் தட்டி, கொட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிற நிதானத்தில், ஒன்று என்பதற்கு லாபம் என்று தொடங்கி, ராகம் போட்டு எண்ணினார். அவருடைய ஒரு எண்ணத்துக்குள் என் ஒன்றரை எண்ணம் அடங்கும். ஓ, அதுதான் குறைவு என்று சமாதானமானேன். போடியில் நாலுக்கு எட்டு, மலையில் ரெண்டுக்கு நாலு, கணக்கு ஒரே விகிதம்தானே! ஐம்பது ஒன்றும் பிரமாதமாக உறைந்துவிடவில்லை.

"ஐம்பதே ஊத்துங்க," என்றேன். பத்தாவது படித்ததன் பெருமை என் குரலில் இருந்திருக்கும்.

அடுத்த முறை அவர் வண்டியில் வரவில்லை, வேறு யாருடைய லாரியிலோ வந்தார். வலது கையைத் தூக்க முடியவில்லை.

"கெளம்பலையா?"

"நாலு ஆளு மாத்தி மாத்திச் சுத்துனோம். கடைசியில சரிவுல தள்ளி விட்டோம். அது பாட்டுக்குப் போயி காப்பிச் செடிக்குள்ள நிக்குது."

மாமனார் குழந்தையைத் தூக்கி, "தை முடியட்டும், என்னப்பு?" என்று அவனிடம் கேட்டார். அவன் சிரித்தான்.

எனக்கு அழுகை வந்தது. என் வாயால்தானே ஐம்பது என்று சொன்னேன். முப்பது என்று முதலில் தோன்றியதை ஏன் விட்டேன்? முப்பதை ஊற்றி வளைவில் நின்றிருந்தால் அதற்கும் நான்தானே காரணம்? இப்படியே நினைத்துக்கொண்டு அவர் பையிலிருந்த அழுக்குத் துணிகளை எடுத்தேன். அடியில் பாட்டில் இரண்டும் நான் சுற்றிக் கொடுத்த அதே துணியில் இருந்தன. துணியை முகத்தருகே கொண்டுபோனேன். எண்ணெய் நாற்றமே இல்லை. பச்சைக் காய் உலர்ந்து வருகிற வாசம் கமகமவென்று வந்தது.

"என்னங்க, இந்தப் பாட்டில எங்க வச்சிருந்தீங்க?"

"பத்திரமாத்தான் வச்சேன். ஸ்டோருக்குள்ள."

ஸ்டோர் என்றால் சாமான் வைக்கிற அறை என்று எண்ணிவிடாதீர்கள். காய் உலர்த்துகிற அறை. வெளியே அடுப்பில் கட்டை எரிய, சூடு குழாய் வழியாக உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பருவம் முழுக்க அந்த அடுப்பு அணையாது. மலையில் ஈரம் படாத இடம் அது ஒன்றுதான். ஆகவே வெற்றிலை, பீடி, சாமி படம், வீட்டிலிருந்து போன முறுக்கு எல்லாம் அங்கேதான் இருக்கும். நான் கொடுத்த பாட்டிலை அவர் மதித்ததே தப்பாகப் போயிற்று.

"குளிர்ல வைக்கணும்னு சொல்லலையா நானு?"

"மேல கொண்டுபோயி வையின்னுதான சொன்ன? நீ குடுத்ததை மழையிலயா போட்டு வைக்கச் சொல்ற?"

யோசித்துப் பார்த்தேன். நான் சொல்லவில்லைதான்.

சிரிப்பதா கோபப்படுவதா என்று நிற்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். அத்தை சோறு போடும்போது மெதுவாகச் சொன்னேன்: "ஸ்டோர்ச் சூட்டுல ஐம்பதும் தண்ணியா ஓடுதுன்னா, எண்ணெயைச் சாயந்தரமே வண்டியிலேர்ந்து எறக்கி, அங்கயே வச்சிருந்து, காலையில திருப்பி ஊத்துனா என்ன? சும்மா கேக்குறேன். தப்பா இருந்தா விட்டுருங்க."

என் கணவரின் சாப்பிடுகிற கை நின்றது. "வண்டி குளிர்ல கெடக்கும், எண்ணெய் மட்டும் உள்ள படுத்துக்கிருமா?"

"அதுவும் வீட்டுலேர்ந்து போனதுதானே," என்றேன்.

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "காயில எண்ணெய் நாத்தம் ஏறுனா ஏலத்துல மூக்கைச் சுளிப்பான். உள்ள வைக்காத. வெளிய அடுப்புக்குப் பக்கத்துச் சுவத்துல மாடம் இருக்குல்ல, அதுல வையி. தீக்குத் தள்ளியே இருக்கணும். நானும் வந்து பாக்குறேன்."

காப்பிச் செடிக்குள்ளிருந்து வண்டியை இழுத்து நிறுத்திவிட்டு, மூன்று நாள் காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு அவரும் மலையில் இருந்தார். தினமும் சாயந்தரம் வண்டி சூடு ஆறுமுன் அடியில் இருக்கும் திருகாணியைக் கழற்றி எண்ணெயை டின்னில் பிடித்தார்களாம். அடுப்புப் பார்க்கிற ஆள், பாதி மலையாளம் பேசுகிறவர், காலையில் டின்னைத் தொட்டுப் பார்த்து, "சூடுண்டு, சூடுண்டு" என்று குழந்தையை ஏந்துவது போல ஏந்திக் கொண்டுவருவாராம்.

இறங்கி வந்த மாமனார் நேரே அத்தையிடம் போனார். "ஆத்தாளுக்கும் புள்ளைக்கும் கம்பளி எடுத்து வையி. வெரசா."

"எத்தனை சுத்து மாமா?" என்று கேட்டேன்.

"மொத நாள் ரெண்டு. மறுநா ஒண்ணு. மூணாம் நாள் நானே சுத்துனேன். அதைக் கேக்காத."

அந்தப் பருவம் முழுக்க நாங்கள் மூவரும் மேலே இருந்தோம். ஒரு காலை குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. டின் வந்தது, எண்ணெய் இஞ்சினுக்குள் போயிற்று, இரண்டாம் சுற்றில் வண்டி கிளம்பியது. வழியெல்லாம் நான் வேண்டிக்கொண்டே வந்தேன். போடியில் டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பல் முளைக்கிறது என்றார்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் கேள்வி என்கிறீர்களா? இந்த வருடம் கைக்குழந்தை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. தைக்குப் பிறகும் வைகாசி வரை எல்லோருமாக மேலேயே இருந்துவிடலாம் என்கிறார் இவர். எனக்கும் ஆசைதான். ஆனால் காய் முடிந்துவிட்டால் ஸ்டோர் அடுப்பும் அணைந்துவிடும். ஒரு டின் எண்ணெய்க்காக வண்டி வண்டியாக விறகுக் கட்டையை எரிக்க மாமனார் சம்மதிக்க மாட்டார். அவருடைய மூணு சுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டு அடுப்பருகே வைக்கலாமென்றால், தவழ ஆரம்பித்திருக்கிற இந்தச் சின்னவளை நினைத்தால் பயமாக இருக்கிறது. இஞ்சினுக்கும் வயதாகிவிட்டது, இனி முப்பது பக்கமே போகாதே என்கின்றன வண்டிக்கு அடியிலிருக்கும் அந்தக் கால்கள். புத்தகம் முப்பதுக்கும் கீழே போகச் சொல்கிறது.

வெயிலில் புறப்பட்டுப் பனியில் போய் நிற்கிற வண்டி உங்களில் யார் வீட்டிலாவது இருக்கும். வால்பாறைப் பக்கமோ, கொடைக்கானல் பக்கமோ, நீலகிரியோ. நீங்கள் எந்த நம்பர் ஊற்றுகிறீர்கள்? அடுப்பு இல்லாத நாட்களில் காலையில் என்ன செய்கிறீர்கள்? தெரிந்தவர்கள் தை பிறப்பதற்குள் எழுதுங்கள். பாட்டிலில் குமிழி பார்த்துத்தான் சொல்கிறீர்கள் என்றால், தயவுசெய்து அதை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.