குக்கர் மூணு விசில் அடிச்சா ஸ்கூல் விட்டாச்சு

வீட்டுல வச்சே பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துற தொழில்ல ஒரு பெரிய வசதி உண்டு: லீவு லெட்டர் எழுத வேண்டியதில்ல. ஒரு பெரிய கஷ்டமும் உண்டு: லீவே கிடையாது. இதே தொழில்ல மாட்டிக்கிட்டு முழிக்கிற அம்மாமார், அப்பாமார் யாராச்சும் இதப் படிச்சீங்கன்னா, ஒரு டம்ளர் காப்பியப் போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க. செத்த நேரம் நம்ம கதையப் பேசுவோம்.

சேர்க்கை

எங்கிட்ட படிக்கிறது மொத்தமே ரெண்டு பேரு. பெரியவ காவ்யா, எட்டு வயசு. சின்னவன் மித்ரன், அஞ்சு. காவ்யா ரெண்டாம் வகுப்பு படிக்கிறப்ப, தமிழ்ப் புத்தகத்த எந்திரிச்சு நின்னு வாசிக்கச் சொல்லியிருக்காங்க. இவ எழுத்துக்கூட்டித் திணறியிருக்கா, வகுப்பே சிரிச்சிருக்கு. மறுநாளும் அதே கூத்து. அதோட வாசிக்கிறதையே விட்டுட்டா. காலையில யூனிஃபார்மக் கண்ணுல பாத்தாப் போதும், வயித்த வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்குவா. டாக்டர்கிட்டக் காட்டுனா வயித்துல ஒண்ணுமில்லைன்னுட்டாரு. மூணாவது ஆரம்பிச்ச ஜூன்லயும் அதே வலி, ஒருநாள் எனக்குப் பொறுக்கல. "போதும்டி, நானே சொல்லித் தாரேன்"னு நிறுத்திட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஒரு டியூஷன் சென்டர்ல பாடம் எடுத்தவ நான். அந்தத் திமிருதான், வேறென்ன.

எங்க வீட்டுக்காரருக்கு மோட்டார் காயில் கட்டுற கடை. சுத்துப்பட்டுல எந்தத் தோட்டத்துல தண்ணி மோட்டார் புகைஞ்சாலும் அவர் கடைக்குத்தான் தூக்கிட்டு வருவாக. வாயத் தொறந்து நாலு வார்த்தை பேச நாலு நாள் எடுத்துக்கிற மனுஷன். அன்னைக்கு ஒரேயடியாப் பேசுனாரு: "இந்தா பாரு செல்வி, அடுத்த ஜூன் வரைக்கும் டைம். அதுக்குள்ள பிள்ளை வாசிக்கணும். வாசிக்கலேன்னா திரும்ப ஸ்கூல்தான். அப்ப வந்து எங்கிட்ட அழுகக் கூடாது."

பெற்றோர் கையெழுத்து

புதுசா இந்தத் தொழிலுக்கு வர்றவங்க எல்லாரும் பண்ற தப்ப நானும் பண்ணுனேன். வீட்டுக்குள்ளயே ஒரு ஸ்கூலக் கட்டிட்டேன். ஹாலுக்கு "கிளாஸ் ரூம்"னு பேரு. சாமி ரூம்ல இருக்கிற மணிய எடுத்து ஒன்பது மணிக்கு அடிப்பேன். சுவத்துல டைம் டேபிள். ஒன்பதுல இருந்து பன்னெண்டரை வரைக்கும் என்னைய அம்மான்னு கூப்பிடக் கூடாது, மிஸ்னுதான் கூப்பிடணும். ஆளுக்கொரு டைரி வேற.

ஒருநாள் காவ்யாவ நாலு வரி வாசிக்க வைக்க முக்கா மணி நேரம் மல்லுக்கட்டுனேன். வாயத் தொறந்தாத்தானே! வந்த கோவத்துல செவப்புப் பேனாவ எடுத்து, டியூஷன் சென்டர் பழக்கத்துல, "பாடத்தில் கவனம் இல்லை. பெற்றோர் நேரில் வரவும்"னு டைரியில எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன். சாயங்காலம் அடுப்படியில வெஞ்சனத்துக்குக் காய் வெட்டிக்கிட்டு இருக்கேன், அவ டைரிய நீட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. வாங்கிப் பாத்துட்டு, "என்னடி பண்ணித் தொலச்ச? மிஸ் வரச் சொல்ற அளவுக்கு?"னு கத்திட்டேன். கத்தி முடிச்ச பெறகுதான் அது என் கையெழுத்துன்னு ஒறைச்சது. சிரிப்புன்னா சிரிப்பு, அருவாமனைய விட்டு எந்திரிச்சு ஓரமாப் போய் உக்காந்து சிரிச்சேன். அவ சிரிக்கல, கதவோரமா ஒட்டிக்கிட்டு நின்னா. இழுத்து மடியில வச்சுக்கிட்டேன். மித்ரன்தான் எனக்குத் தைரியம் சொன்னான்: "போய் மிஸ்ஸப் பாத்துட்டு வாம்மா. அவங்க திட்டுனா திட்டட்டும், நீ அழுதுறாத."

பதினோரு மணிக்கு ரெண்டு பிள்ளைகளோட வெளிய போனா

போஸ்ட் ஆபீஸ், ரேஷன் கடை, ஷேர் ஆட்டோ, எங்க போனாலும் மொதக் கேள்வி ஒண்ணுதான்: "இன்னைக்கு ஸ்கூல் லீவா?" மொத மாசம் பூரா "காச்சல்"னு சொல்லிச் சமாளிச்சேன். பக்கத்துல உக்காந்திருந்தவுக எல்லாம் தள்ளித் தள்ளி உக்காந்தாக. ரெண்டாவது மாசம் உண்மையச் சொல்லிப் பாத்தேன். அதுக்குக் காச்சலே தேவல. "அப்ப சர்டிபிகேட்டு?", "கலெக்டர் கேட்டா?", "நாளைக்கு ஒரு மாப்பிள்ள வந்து என்ன படிச்சிருக்குன்னு கேட்டா?"ன்னு எறங்குற எடம் வர்ற வரைக்கும் விசாரணை. எட்டு வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளைய அந்த ஆட்டோக்குள்ளயே புடிச்சுக் கொண்டாந்துருவாக போல.

ஒருதரம் டவுன் பஸ்ல, ரிட்டையர்டு வாத்தியார் மாதிரி இருந்த ஒரு பெரியவர் மித்ரனப் புடிச்சுக்கிட்டாரு. எந்த ஸ்கூல்டான்னு கேட்டாரு. எங்க வீடுன்னான். எத்தனை டீச்சர்னாரு. ஒரு டீச்சர்தான், அவங்களே சோறும் ஆக்குவாங்கன்னான். பெரியவர் என்னைய ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, நான் சன்னலுக்கு வெளிய எங்க ஊரு மலைக்கோட்டைய மொத மொதப் பாக்குறவ மாதிரி பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியா, ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்னு கேட்டாரு. "குக்கர் மூணு விசில் அடிச்சா விட்டுருவாங்க தாத்தா. மட்டன்னா ஆறு."

கொய்யாவில் பின்னம்

பாடத்தப் புத்தகத்துல நடத்தாதீங்க, பொருளக் காட்டி நடத்துங்கன்னு நம்ம மாதிரிப் பெத்தவங்க இருக்கிற வாட்ஸாப் குரூப்ல தெனமும் ஒருத்தராவது சொல்லுவாங்க. அதே குரூப்ல ஒரு அம்மாவோட பையன் நாலு வயசுலயே கிரகம் ஒம்போதையும் தலைகீழாச் சொல்றானாம். கிரகம் எட்டுத்தான்னு சொல்ல எனக்கு வாய் வரல. சரி, நாமளும் பொருளக் காட்டிப் பாப்போம்னு, ஆயக்குடியில இருந்து கூடையில கொய்யா கொண்டு வர்ற அம்மாகிட்ட ஒரு கிலோ வாங்கி, வாசப்படியிலயே கிளாஸ ஆரம்பிச்சேன்.

ஒரு பழத்த ரெண்டா வெட்டி அரை, நாலா வெட்டிக் கால், மூணு துண்ட ஒதுக்கி வச்சா முக்கால். காவ்யா டக் டக்குனு சொல்லிட்டா. கணக்குன்னா அவளுக்கு மெரட்சியே இல்ல. மித்ரன்கிட்ட "முக்கால் எங்கடா?"ன்னு கேக்குறதுக்குள்ள முக்காலும் அவன் வாய்க்குள்ள. அடுத்த பழத்த வெட்டுனேன், அதுவும் போச்சு. "பாடம் முடியாம ஒருத்தரும் தொடக் கூடாது"ன்னு கத்துனேன். கூடையத் தூக்காம வேடிக்க பாத்துக்கிட்டு நின்ன அந்தம்மாவுக்குப் பொறுக்கல. "ஏனுங்க அம்மிணி, பழத்த வாய்க்கு நேரா நீட்டி வெச்சுக்கிட்டு கணக்குக் கேட்டா பச்சப்புள்ளைக்கு எங்கீங்க கணக்கு வரும்? மொதல்ல திங்க உடுங்க. மிச்சம் இருக்கறதுல பாடம் நடத்திக்கோணும்."

தற்காலிக ஆசிரியர்

பிப்ரவரியில எனக்கு நெசமாவே காச்சல் வந்து நாலு நாள் படுத்துட்டேன். காவ்யாவ அவங்க அப்பா கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. காயில் கட்டுற கடையில ஒரு சட்டம் உண்டு. கம்பியச் சுத்திக்கிட்டு இருக்கிறப்ப யாரும் பேச்சுக் குடுக்கக் கூடாது. ஒவ்வொரு சுத்தையும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே சுத்தணும். எண்ணிக்கை தப்பிப் போச்சுன்னா, பிரிச்சுட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

அன்னைக்கு எரியோட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் மோட்டார் புகைஞ்சு போச்சுன்னு வந்திருக்காரு. தோட்டத்துல கடலை காயுது, மனுஷனுக்கு வாய் சும்மா இருக்குமா? கடலையில ஆரம்பிச்சு மருமகன் வரைக்கும் வந்துட்டாரு. இவருக்கு எண்ணிக்கை விட்டுப் போச்சு. தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறப்ப, மூலையில இருந்து "நாப்பத்தேழுப்பா"ன்னு ஒரு சத்தம். நம்பாம பிரிச்சு எண்ணியிருக்காரு. அச்சுப் பெசகாம நாப்பத்தேழு! "அட அப்பு, நான் அம்புட்டுப் பேசியும் பிள்ளை எண்ணிருக்கு பாருய்யா"ன்னு அந்தப் பெரியவர் எந்திரிச்சே நின்னுட்டாராம்.

ராத்திரி இத அவர் சொல்லச் சொல்ல, காச்சல் பாதி எறங்கிருச்சு எனக்கு. "பாத்தீங்களா? எம் பாடம்!"னு போர்வைக்குள்ள இருந்தே பெருமை அடிச்சேன். அவரும் சிரிச்சாரு. சிரிச்சுட்டு, வெளக்க அணைக்கப் போறப்ப மெதுவாச் சொன்னாரு: "எண்ணுறா, சரி. கடை போர்டை வாசிடான்னேன், தலையக் குனிஞ்சுக்கிட்டா செல்வி. ஜூனுக்கு இன்னும் மூணு மாசந்தான் இருக்கு."

பரீட்சை

மே மாசக் கடைசி சனிக்கெழமை. கடையச் சீக்கிரம் சாத்திட்டு வந்தவர், காவ்யாவப் பக்கத்துல உக்கார வச்சு, ஒரு கதைப் புத்தகத்த விரிச்சாரு. பெரிய எழுத்து, பக்கத்துக்கு ரெண்டே வரி. நான் அவருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, சத்தம் வராம ஒவ்வொரு எழுத்துக்கும் வாயசைச்சுக் காட்டுறேன். வெக்கங்கெட்ட டீச்சர், வேறென்ன சொல்ல? அவ மொத எழுத்தப் பாத்தா, அப்பாவப் பாத்தா, என்னையப் பாத்தா. புத்தகத்த மூடிட்டா.

நான் கொல்லப்பக்கம் போய்த் துணி தொவைக்கிற கல்லுல உக்காந்து அழுதேன். நல்லது பண்றேன்னு பிள்ளையோட ஒரு வருஷத்த நாசம் பண்ணிட்டேனே, இனி அந்த வகுப்புல எல்லாரும் மூணாவது முடிச்சிருப்பாக, இவ போய் உக்காந்தா இன்னும்ல சிரிப்பாக? கொஞ்ச நேரங்கழிச்சு அவரும் வந்து பக்கத்துல நின்னாரு. திட்டியிருந்தாக்கூட பதிலுக்கு ரெண்டு பேசியிருப்பேன். அவர் திட்டல. "நீ பாடுபட்டது எனக்குத் தெரியும். அதுக்காகப் பிள்ளைய இப்படியே விட முடியுமா? திங்கக்கெழமை ஸ்கூலுக்குப் போய் ஃபாரம் வாங்கிட்டு வாரேன்."

எரியோடு பஸ்

மறுநாள் எரியோட்டுல எங்க அக்கா பேரனுக்குக் காதுகுத்து. நாலு பேரும் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம். எனக்கு மூஞ்சி வீங்கிக் கெடக்கு. அவர் தண்ணி பாட்டில் வாங்கப் போயிருந்தாரு. அப்ப மித்ரன் என் சேலையப் புடிச்சு இழுத்தான். "அம்மா, எ... ரி... யோ... டு. எரியோடு! அந்தா நம்ம பஸ்சு!"

கண்டக்டர் கத்துனதக் கேட்டுச் சொல்றான்னு நெனச்சேன். ஆனா கண்டக்டர் டீக்கடையில நிக்கிறாரு. பக்கத்து பஸ்ஸக் காட்டி, "இது?"ன்னேன். "கொ... டை... ரோ... டு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. இவனுக்கு நான் அ, ஆ தாண்டி ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல சாமி! என் கவனம் பூரா பெரியவ மேலதான இருந்துச்சு. "யார்ரா சொல்லிக் குடுத்தா?"

"அக்காதான். நீ மத்தியானம் தூங்குறப்ப கட்டிலுக்கு அடியில வாசிச்சுக் காட்டும். நரிக் கதை, யானைக் கதை, அப்பா கடை பில் புக்கு, எல்லாம். நானும் கூடவே வாசிப்பேன்."

திரும்பிப் பாத்தா, அவர் தண்ணி பாட்டிலோட பின்னாடியே நிக்கிறாரு. எல்லாத்தையும் கேட்டுட்டாரு. எரியோடு பஸ் கெளம்பிக்கிட்டு இருக்கு, ஏறணும்னு ஒருத்தருக்கும் தோணல. அம்புட்டுக் கூட்டத்துக்கு நடுவுல மகளுக்கு முன்னாடி குத்துக்கால் போட்டு உக்காந்தாரு. "ஏன் பாப்பா, அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டியிருக்கலாம்ல?"

காவ்யா அவரையும் பாத்தா, என்னையும் பாத்தா. அழுகல, பயப்படல, உள்ளதச் சொன்னா: "நான் வாசிக்கிறப்ப நீங்க ரெண்டு பேரும் தப்பு வருதான்னு என் வாயையே பாக்குறீங்கப்பா. தம்பி புத்தகத்தப் பாப்பான்."

அந்தத் திங்கக்கெழமை யாரும் ஃபாரம் வாங்கப் போகல. எங்க வீட்டுப் பள்ளிக்கூடம் இன்னைக்கும் ஜோராத்தான் நடக்குது, கட்டிலுக்கு அடியில அக்காவும் தம்பியும் வாசிக்கிற பக்கம் தலையக் காட்டாம இருக்கிறது மட்டுந்தான் இப்ப எனக்குக் குடுத்திருக்கிற டூட்டி.