குப்பை வண்டிப் பச்சை

நகராட்சி அலுவலகத்தில் எல்லாரும் அவளை மினிட்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய நகர முகப்புக் குழு என்று ஒன்று அங்கே உண்டு. கோட்டைச் சுவருக்குள் இருக்கும் ஏழு தெருக்களில் யாராவது ஒரு ஜன்னலை மாற்ற வேண்டுமானாலும், கடைக்குப் பெயர்ப்பலகை மாட்ட வேண்டுமானாலும் அந்தக் குழுவுக்கு மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். மாதத்தின் முதல் வியாழக்கிழமை மூன்று மணிக்கு மாடி அறையில் கூட்டம். அங்கே பேசுவதைக் குறித்துக்கொள்ள வேண்டும், மறுநாள் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்க வேண்டும், கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இதுதான் அவள் வேலை. இருபத்திரண்டு வருஷம் செய்தாள். இருபத்திரண்டு வருஷமும் அந்தக் குழுவை மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டே செய்தாள்.

துப்பக் காரணம் இல்லாமலில்லை. தலைவர் குடிநீர் வாரியத்தில் எஞ்சினியராக இருந்தவர். வேலையில் இருந்த காலத்தில் இதே ஏழு தெருக்களையும் மாற்றி மாற்றித் தோண்டிப்போட்டு, மூடாமலே போனவர். ஓய்வு பெற்ற மறுமாதமே அவருக்குப் பழமையின்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் வீட்டுப் பின்பக்கம் முழுக்க அலுமினிய ஜன்னல். யாராவது அதைச் சுட்டிக்காட்டினால், "விதி மூஞ்சிக்குத்தான்யா, முதுகுக்கு இல்ல" என்பார்.

அவருக்கு வலப்பக்கம் வரலாற்று ஐயா. நகரத்தைப் பற்றி நாற்பது பக்கத்தில் கையேடு எழுதியவர். நாற்பதில் ஆறு பக்கம் அவருடைய புகைப்படங்கள். இடப்பக்கம் ஓவிய அம்மாள். பழைய தெருக்களை நீர்வண்ணத்தில் தீட்டி, சட்டம் போட்டு விற்பார். அந்தப் படங்களில் மனுஷர் நடமாட்டமே இருக்காது. துணி காயப்போட்ட கயிறுகூட இருக்காது. கூட்டத்திலும் அவர் கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான்.

இந்த மூவரும் சேர்ந்து செய்ததில் ஒன்றைச் சொன்னால் போதும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் பெயர்ப்பலகைக்கு மனுப் போட்டார். எழுத்து பெரிதாக இருக்கிறது, தெருவின் அழகு கெடுகிறது என்று நான்கு விரல் உயரத்துக்குக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தார். அன்றிலிருந்து கண் சரியாகத் தெரியாதவர்களெல்லாம் பலகையைப் படிக்க முடியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். குழு அந்தப் புகாரை மூன்று கூட்டம் விவாதித்தது.

மினிட்ஸ் அக்கா இதையெல்லாம் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லுவாள். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டுச் சிரிப்பார்.

பச்சை வந்தது அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். மருந்துக் கடைக்காரர் கதவுக்கு வண்ணம் அடிக்க மனுப் போட்டிருந்தார். எந்த நிறம் என்று இரண்டு மணி நேரம் அரைத்த மாவையே அரைத்தார்கள். கடைசியில் தலைவர், "ஏதோ தெருவுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு போடச் சொல்லுங்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். மறுநாள் தட்டச்சு செய்ய உட்கார்ந்தவளுக்கு முடிவு என்று எழுத ஒன்றுமில்லை. மருந்துக் கடைக்காரர் கீழே காத்திருக்கிறார். ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள். வாசலில் நகராட்சிக் குப்பை வண்டி நின்றுகொண்டிருந்தது. கரும்பச்சை. "இத்தெருவின் மரபு நிறமான கரும்பச்சையே பூசப்பட வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது" என்று அடித்தாள். மூவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

அவள் நினைத்தது, யாராவது கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று. யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு மனு வந்தபோது தலைவரே, "அதான் மரபு நிறம் இருக்கே" என்றார். இரண்டு வருஷம் கழித்துக் கையேட்டின் இரண்டாம் பதிப்பு வந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்பு வணிகர்கள் தங்கள் ஒற்றுமையைக் காட்டக் கதவுகளில் கரும்பச்சை பூசினார்கள் என்று அதில் ஒரு பத்தி முளைத்திருந்தது. பெயின்ட் கடையில் 'மரபுப் பச்சை' என்று தனி டப்பா வந்தது. கதவையோ ஜன்னலையோ தொட்டுப் பழுது பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் பச்சையைத்தான் அடித்தாக வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்தக் கதவுகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"ஒரு ஊரையே குப்பைத்தொட்டி ஆக்கிட்டியே" என்று புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வெளிய சொல்லிடாதீங்க" என்றாள். வேலைக்குப் பயந்து சொன்னது பாதி. மீதிப் பாதி, அந்தச் சிரிப்பைப் பங்கு போட அவளுக்கு மனசில்லை. காலையில் அலுவலகத்துக்கு நடக்கும்போது இரண்டு பக்கமும் வரிசையாகக் குப்பை வண்டிப் பச்சை. முட்டாள்கள் சொன்னதைக் கேட்டு முட்டாள்கள் அடித்தது என்று ஒவ்வொரு கதவையும் எண்ணிக்கொண்டே போவாள். அதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது.

பத்தொன்பது வருஷம் இப்படிப் போனது.

அவளுடைய நாத்தனார், புருஷனின் அக்கா, மூன்றாம் தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். கணவன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை அந்தக் கடையிலேயே ஆளாக்கியவள். கடைக்கு நீலக் கதவு. அதுவரை பழுது பார்க்காததால் விதி அவளைத் தொடவில்லை. அந்த வருஷ மழைக்குக் கதவின் அடிப்பலகை உளுத்து உதிர்ந்தது. தச்சரைக் கூப்பிட்டு வேறு பலகை போட்டு, கதவு முழுக்க அதே நீலத்தை அடித்தாள். பச்சை அடிக்கச் சொல்லிப் பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. தட்டச்சு செய்தது மினிட்ஸ் அக்காதான். தபாலில் அனுப்பினாள், கையில் கொடுக்கத் தைரியமில்லை.

நாத்தனார் ஆட்சேப மனு எழுதிக்கொண்டு நேரே கூட்டத்துக்கு வந்துவிட்டாள். தோளில் இஞ்ச் டேப், கையில் செய்தித்தாளில் சுற்றிய பழைய பலகைத் துண்டு. மேஜைமேல் அதைப் பிரித்து வைத்தாள். தச்சர் ஒரு ஓரமாகச் சுரண்டிக் காட்டியிருந்தார். மேலே நீலம், அதற்குக் கீழே வெளிர்நீலம், அதற்கும் கீழே கறுத்துப்போன நீலம், பிறகு மரம்.

"இந்தக் கடை என் மாமனாருக்கு முன்னாடி யார் யார்கிட்டயோ இருந்தது. யாருமே பச்சை அடிக்கல. நீங்களே பாருங்க" என்றாள்.

வரலாற்று ஐயா பலகையைத் தொடவில்லை. "மரத்துல இருக்கறதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. எழுத்துல இருக்கணும். கையேட்டுல தெளிவா இருக்கு, பச்சைன்னு."

"கையேட்டுக்கு என்ன ஆதாரம்?"

"குழுவோட தீர்மானம்."

"அந்தத் தீர்மானத்துக்கு?"

தலைவர் சலித்துக்கொண்டார். "அதான் கையேடே இருக்குன்னு சொல்றாரே."

ஓவிய அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கென்னவோ நீலம் கொஞ்சம் கத்தற மாதிரி இருக்கு. போன வருஷம் அந்தத் தெருவ வரைஞ்சப்ப உங்க கதவப் பச்சையாத்தான் போட்டேன். நல்லா அமைஞ்சுது."

நாத்தனார் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பலகையைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். தாள் கிழிந்தது; கிழிசலோடேயே சுற்றினாள். அதைப் பார்த்ததும் மினிட்ஸ் அக்காவுக்கு என்னவோ செய்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கூட்டத்தில் வாயைத் திறந்தாள்.

"சார், அந்தப் பச்சை நான் எழுதினது."

"என்னது?"

"மருந்துக் கடை மனு வந்தப்ப நீங்க முடிவு சொல்லாம போயிட்டீங்க. கீழ குப்பை வண்டி நின்னுச்சு. அந்த நிறத்தப் போட்டேன். மரபுங்கறதும் நான் போட்டதுதான்."

தலைவர்தான் முதலில் தேறினார். "வேலைப்பளு ஜாஸ்தியா இருக்கும்மா உங்களுக்கு. ஞாபகம் அப்படி இப்படிப் போகும். நீங்க உறுப்பினர் இல்ல, அதனால இத நாங்க கணக்குல எடுத்துக்கல."

"அப்படியே இருந்தாலும்" என்றார் வரலாற்று ஐயா, "இப்ப மாத்த முடியாது. மூணாம் பதிப்பு அச்சுக்குப் போயாச்சு."

"மனு தள்ளுபடி. பச்சை அடிக்க ஒரு மாசம் டைம்" என்று தலைவர் முடித்தார். "அடுத்தது என்ன?"

மினிட்ஸ் அக்கா நாத்தனாரின் பின்னாலேயே மாடிப்படிக்கு ஓடினாள். நல்லது செய்துவிட்டோம் என்ற நினைப்பு கொஞ்சம் இருந்தது. நாத்தனார் நடுப்படியில் நின்று திரும்பினாள்.

"பத்தொன்பது வருஷமா உனக்குத் தெரியும்."

"அண்ணி, நான் வந்து..."

"என் தம்பிக்கும் தெரியும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க தெருவுல எத்தனை பேரு அடிச்சாங்க தெரியுமா? எதிர்வீட்டுக் கிழவர் முடியாத காலத்துல ஏணி ஏறி அடிச்சாரு. நீ அந்த வழியாத்தான் தினமும் வேலைக்குப் போன. பாத்துச் சிரிச்சிட்டுப் போயிருக்க." குரல் உயரவில்லை. "உள்ள உக்காந்திருக்கானுங்களே, அவனுங்களுக்குத் தெரியாது. தெரியாம செஞ்சானுங்க. நீ?"

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்றைக்கு வீட்டில் புருஷனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அக்கா கேக்கறதுல தப்பில்ல" என்று மட்டும் சொன்னார். அவளுக்கு அந்த மூவர்மேல் இருந்த இளக்காரம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் இத்தனை நாள் எட்டி நின்று பார்த்த கூட்டத்தில் தனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். எப்போதும் அவர்கள் உளறுவதை வடிகட்டி, "விரிவாக ஆராயப்பட்டது" என்று நல்ல தமிழில் மூடிவிடுவாள். இந்தத் தடவை மூடவில்லை. யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே, அவர்கள் வாயில் வந்தபடியே அடித்தாள். விதி மூஞ்சிக்குத்தான், முதுகுக்கு இல்லை என்று தலைவர் அன்றும் ஒரு மனுதாரரிடம் சொன்னது. கையேட்டுக்குத் தீர்மானம் ஆதாரம், தீர்மானத்துக்குக் கையேடு ஆதாரம் என்றது. நீலம் கத்துகிறது என்றது. மூன்றாம் பதிப்பு அச்சுக்குப் போனது. தான் சொன்னதையும் விடவில்லை, குப்பை வண்டியோடு சேர்த்தே போட்டாள். ஐந்து பக்கம் வந்தது. மூவரிடமும் கொண்டுபோய் நீட்டினாள்.

"பக்கம் ஜாஸ்தியா இருக்கே" என்றார் தலைவர், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

பதினொரு மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். அந்தப் பலகையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அன்று வரி கட்ட வந்த ஒரு லாரி டிரைவர், வரிசை நகராததால் படிக்கத் தொடங்கினார். பாதியில் சத்தமாகச் சிரித்தார். பின்னால் நின்றவர்கள், "சத்தமா படிங்க, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றார்கள். படித்தார். மூன்று மணிக்குள் ஏழு தெருக்களுக்கும் செய்தி போய்விட்டது.

தலைவர் திங்கட்கிழமை வந்தார். முகம் வெந்து சிவந்திருந்தது. "இப்படியா எழுதுவாங்க ஒரு மினிட்ஸ?"

"நீங்க பேசினதுதான் சார்."

"பேசறத எல்லாம் எழுதிடுவீங்களா?"

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்."

ஆணையர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். ஐந்து பக்கத்தையும் படித்துவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அப்புறம் மூன்று உத்தரவு போட்டார். தையல் கடை நோட்டீஸ் ரத்து. பச்சை பற்றிய விதி மறுபரிசீலனைக்கு; அதாவது, கிணற்றில் போட்ட கல். மூன்றாவது, இல்லாத தீர்மானத்தை எழுதிய குற்றத்துக்காக மினிட்ஸ் அக்காவுக்கு எழுத்தில் கண்டனம், பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றல். அவள் மறுத்துப் பேசவில்லை.

குழுவை யாரும் கலைக்கவில்லை. இப்போதும் முதல் வியாழக்கிழமை கூடுகிறது. குறிப்பெடுக்க வந்திருப்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்காருகிறாராம். அதைப் பார்த்து மூவரும் வாயைத் திறக்கப் பயந்து, அரை மணி நேரத்தில் எல்லா மனுவையும் அனுமதித்துவிட்டுப் போகிறார்களாம். கையேட்டின் மூன்றாம் பதிப்பு வந்தது. அச்சுக்குப் போனதைத் திரும்ப வாங்கி, பச்சைப் பத்தியை அடியோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆசிரியரின் இன்னொரு புகைப்படத்தைப் போட்டிருந்தார்கள்.

தெருவில் சிரிப்பு இரண்டு வாரத்தில் அடங்கியது. மிஞ்சியது கோபம். அதுவும் குழுவின்மேல் அல்ல. அவர்கள் அப்படித்தான் என்று ஊருக்கு முன்பே தெரியும். பல வீட்டுப் பெண்கள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். வேண்டுமானால் ஆள் வைத்துக் கதவைச் சுரண்டித் தருகிறேன் என்றாள்.

"எதுக்கு? எனக்குப் பழகிடுச்சு" என்றார் அவர். "வழி கேக்கறவங்களுக்குப் பச்சைக் கதவுன்னுதான் சொல்றோம். நீங்க மருந்து வாங்கறதுன்னா வாங்குங்க. இல்லன்னா நகருங்க, பின்னால ஆள் நிக்கறாங்க."

தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

நாத்தனார் ஏழு மாதம் அவளோடு பேசவில்லை. தம்பியோடு பேசினாள், ஆனால் அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மினிட்ஸ் அக்கா மட்டும் வாரம் ஒரு தடவை தையல் கடைக்குப் போய், ஓரத்து ஸ்டூலில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். நாத்தனார் மிஷினை ஓட்டிக்கொண்டே இருப்பாள். எழுந்து போ என்றும் சொல்லவில்லை. எட்டாம் மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் திரைச்சீலை தைக்க வந்திருந்தது. துணி வாசல்வரை நீண்டது. அளக்க ஒரு கை போதவில்லை.

"சும்மா உக்காந்திருக்காம அந்த முனையப் பிடி" என்றாள் நாத்தனார்.

அவள் எழுந்துபோய்ப் பிடித்தாள்.

"தளர்த்தாத. இழுத்துப் பிடி."

இழுத்துப் பிடித்தாள். நாத்தனார் டேப்பை வைத்துக் குனிந்து, எண்ணைச் சொல்லி, "எழுது" என்றாள். அவள் பென்சிலைத் தேடி எடுத்து எழுதினாள். நாத்தனார் நிமிர்ந்து வந்து, எழுதியது சரிதானா என்று ஒரு தடவை தானே பார்த்துக்கொண்டாள்.