மேப்பிள் தொட்டிக்கு அடைத்த மடை

மருமகன் ஜப்பானில் இறந்துபோன பிறகு மகள் நன்னிலத்துக்கே எங்களிடம் வந்துவிட்டாள். அவள் பெட்டியில் எனக்குப் புரியாத பொருள் ஒரு காகித உறைதான். அதற்குள் ஈசல் போல இறகு வைத்த விதைகள். அவர்கள் குடியிருந்த வீட்டு வாசலில் நின்ற மேப்பிள் மரத்தடியில் மருமகன் பொறுக்கியவை. தொட்டியில் குட்டை மரமாக வளர்க்க ஆசைப்பட்டாராம்.

பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவள், அந்த விதைகளுக்காக மட்டும் எழுந்தாள். ஈர மணலில் கலந்து மூன்று மாதம் ஃப்ரிட்ஜில் வைத்தாள். விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி வைக்கோல் போட்டு மூடினால் சூட்டில் முளை காட்டும். எனக்குத் தெரிந்த விவசாயம் அதுதான். "குளுர்ல வச்சா எந்த விதை மொளைக்கும்? மாவு வைக்க எடமில்லன்னு உங்கம்மா பொலம்புறா" என்று கேலி செய்தேன்.

"பனிக்காலம் வந்துட்டுப் போச்சுன்னு அது நம்பணும்ப்பா" என்றாள். அன்று அவள் பேசியதே அவ்வளவுதான்.

முளைத்துத் தொட்டிக்கு வந்ததில் ஒன்றே ஒன்று பிழைத்தது. விரல் நீளம், ஐந்தாறு இலை. காலையில் எழுந்ததும் கொல்லைக்குப் போய் அதைப் பார்ப்பாள். எழுந்துவிட்டதால் காபி குடிப்பாள், குளிப்பாள். இது செத்தால் மறுபடி படுத்துவிடுவாள் என்று எனக்குப் பயம்.

சித்திரை வெயிலில் இலை ஓரம் கருகத் தொடங்கியது. செங்கல் சல்லியும் மணலுமாக அவள் நிரப்பிய தொட்டியில் ஊற்றிய தண்ணீர் நிற்கவே இல்லை. நாற்று காய்ந்தால் மடையை அடைத்துத் தண்ணீர் கட்டுவதுதானே எங்கள் ஊர் வைத்தியம்? மத்தியானம் அவள் படுத்திருந்தபோது, வயல் களிமண்ணை உருட்டித் தொட்டியின் அடித்துளையை அடைத்தேன். தண்ணீர் மேலே தெரியாமல் உள்ளே நிற்கும் அளவுக்குத் தினமும் ஊற்றினேன். ஒரு வாரம் எனக்குப் பெருமை வேறு. முட்டாளுக்கு வேறென்ன.

வேர் அழுகி, தண்டு அடியில் கறுத்துச் சாய்ந்தது. தொட்டியைத் தூக்கிய மகள் களிமண்ணைப் பார்த்தாள்.

"நான்தாம்மா அடச்சேன். தண்ணி நிக்கலையேன்னு..." என்றேன். அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"விடுங்கப்பா. இனிமே காலைல எந்திரிக்க வேண்டியதில்ல" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தாள்.